பெட்டியக்காவும் சும்மா கிடைத்த லினக்ஸும்

குடிநீர் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெட்டியக்கா என்றால்தான் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன்னால், புகார் பதிவு செய்யும் மென்பொருளைப் புது முறைக்கு மாற்றியபோது, கன்டெய்னர் என்றால் என்ன என்று மேலதிகாரி கேட்டார். அவள் விளக்கினாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடி விளக்கினாள். மூன்றாவது முறையும் கேட்டபோது பொறுமை போய்விட்டது.

"பெட்டி சார். புரோகிராமும் அதுக்கு வேண்டிய சாமானும் ஒரே பெட்டிக்குள்ள. எந்தக் கம்ப்யூட்டர்ல எறக்கி வச்சாலும் ஓடும். அவ்வளவுதான்."

அவருக்கு அது புரிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் வாசல் காவலாளி வரைக்கும் அவள் பெட்டியக்கா ஆகிவிட்டாள். வீட்டில் மாமியார் மட்டும், மருமகள் ஏதோ பார்சல் கட்டும் பிரிவில் இருப்பதாக இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பொறுமை அவளுக்குக் கொஞ்சம் குறைவுதான். அதை அவளே ஒப்புக்கொள்வாள். அவளுடைய அப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் எண்களைக் குறித்துவந்தவர். பணியில் இருக்கும்போதே அவர் இறந்துபோக, இருபத்திரண்டு வயதில் அதே அலுவலகத்தில் அவளுக்குத் தட்டச்சு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது மற்றவர்கள் தூசி படாமல் அதற்கு உறை போட்டு வைத்தார்கள். அவள் உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. கையேட்டைப் படித்து, தப்பாகச் செய்து, தலையில் அடித்துக்கொண்டு, திரும்பச் செய்து வந்ததுதான் எல்லாம். ஏதாவது கேட்டால் முதலில் ஒரு பெருமூச்சு வரும். அப்புறம் "சரி, சொல்லுங்க" என்பாள். வாய் திட்டிக்கொண்டிருக்கும், கை வேலையை முடித்துவிடும்.

பெட்டிக்கு வருவோம். அதை வெறும் தரையிலிருந்து யாரும் கட்டுவதில்லை. அடியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தால் ஆன ஒரு தட்டு வேண்டும். அதற்குத் தொழிலில் பேஸ் இமேஜ் என்று பெயர். பெரிய அலுவலகங்களுக்கென்றே லினக்ஸ் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு அவர்கள் அலுவலகம் வருடச் சந்தா கட்டிவந்தது. அந்தக் கம்பெனி தன் சரக்கை இரண்டு விதமாகக் கொடுத்தது. சந்தா கட்டியவர்களுக்கு முழுக் களஞ்சியமும் திறந்திருக்கும், கூப்பிட்டால் பதில் சொல்ல ஆளும் உண்டு. சந்தா இல்லாதவர்களுக்கு அதே லினக்ஸில் பொறுக்கியெடுத்த கொஞ்சம் சாமானோடு ஒரு அடித்தட்டு சும்மா கிடைக்கும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், அதன்மேல் தன் புரோகிராமை ஏற்றி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். உடைந்தால் மட்டும் அவரவர் பாடு.

பெட்டியக்கா யோசித்துத்தான் சும்மா கிடைப்பதை எடுத்தாள். சுற்றுவட்டாரத்தில் நான்கு சின்ன ஊர்களின் குடிநீர் அலுவலகங்கள், புகார்களை நோட்டில் எழுதித் தொலைத்துக்கொண்டிருந்தன. சந்தா கட்டும் வசதி அவற்றுக்குக் கிடையாது. அவள் கட்டிய பெட்டியை அப்படியே நான்கு ஊருக்கும் கொடுத்தாள். குழாய் உடைந்தால், தண்ணீர் கலங்கி வந்தால், ஜனங்கள் போன் செய்வார்கள். புகாருக்கு எண் விழும், ஆள் போவார். நான்கில் அணைக்கு அருகே இருந்த ஊரில் ஒரே ஒரு பெண்தான் எல்லா வேலையும் பார்த்தாள். வயதில் சின்னவள், எதற்கெடுத்தாலும் "அக்கா, ஒரு நிமிஷம்" என்று போன் செய்வாள். அணைக்கட்டுத் தங்கச்சி என்று இவள் போனில் அந்த எண்ணைப் பதிந்து வைத்திருந்தாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவள் பெட்டி கட்டப் பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. புதியது வந்தது. வழக்கம்போலக் கட்டுவதற்குக் கட்டளை கொடுத்தாள். பாதியில் நின்று, இப்படி ஒரு சாமான் இல்லை என்றது. எழுத்துப்பிழையோ என்று பார்த்தாள். இல்லை. மறுபடி கொடுத்தாள். மறுபடி அதே பதில். ஒன்றல்ல, மொத்தம் பன்னிரண்டு சாமான்கள் இல்லையாம். நேற்றுவரை இருந்தவை எங்கே போகும்?

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் தேடியதில் விஷயம் விளங்கியது. பழைய கம்ப்யூட்டர் சந்தாவில் பதிவானது. அதில் உட்கார்ந்து பெட்டி கட்டினால், சும்மா கிடைத்த அடித்தட்டுக்கும் சந்தாக்காரர்களின் களஞ்சியம் தானாகத் திறந்துகொள்ளும். திறந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. புதிய கம்ப்யூட்டருக்கு இன்னும் யாரும் சந்தா போடவில்லை, அதனால் கதவு மூடியிருந்தது. அந்தப் பன்னிரண்டும் சும்மா கொடுக்கும் பட்டியலில் என்றைக்குமே இருந்ததில்லை. அப்படியென்றால், மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாத பன்னிரண்டு சாமான்களை அவள் ஆறு வருடமாக நான்கு ஊருக்கும் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். புதிய கம்ப்யூட்டருக்குச் சந்தா போட்டிருந்தால் எல்லாம் பழையபடி ஓடியிருக்கும், ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிக்கு நாலு வரியில் நடந்ததை எழுதி, இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். அன்றைக்கு வந்தது வினை.

பிரதிநிதி ரொம்ப மரியாதையானவர். உடனே போன் செய்தார். சும்மா கொடுப்பது சும்மாதான், சந்தாவில் இருப்பது சந்தாவில்தான் என்றார். சரி, இரண்டும் கலந்துவிட்டால் என்று அவள் கேட்டாள்.

"அது உங்க யூஸ் கேஸைப் பொறுத்தது மேடம்."

"எதுக்கு, எப்படி யூஸ் பண்றேன்னுதான் இவ்வளவு நேரம் சொன்னேன்."

"கண்டிப்பா மேடம்" என்றார் அவர்.

சாயங்காலம் நாற்பத்தொரு பக்க ஆவணம் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. கூடவே நான்கு ஊருக்கும் தனித்தனியாகச் சந்தாவுக்குக் கொட்டேஷன். அதன் நகல் மேலதிகாரிக்கும் போயிருந்தது. ஆவணத்தை அவள் உட்கார்ந்து படித்தாள். பதினேழாம் பக்கம் சொன்னதை இருபத்தெட்டாம் பக்கம் பாதி மறுத்தது. அடிக்குறிப்பு இரண்டையும் சமாதானம் செய்யப் பார்த்தது.

மேலதிகாரி கெட்டவர் இல்லை, பயந்தவர். கொட்டேஷனைப் பார்த்ததும் நான்கு ஊரும் பெட்டியை உடனே நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு, விஷயத்தைச் சட்ட அலுவலருக்குத் தள்ளினார். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள், பன்னிரண்டையும் எடுத்துவிட்டுச் சுத்தமாகக் கட்டித் தருகிறேன் என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிவிட்டிருந்தார்.

சட்ட அலுவலரின் அறை தரைத்தளத்தில், படிக்கட்டுக்குக் கீழே. கோப்புகளுக்கு நடுவில் ஒரு மனிதர் உட்காரும் அளவுக்குத்தான் இடம். வாசிக்கும்போது வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துக்கொண்டு வாசிப்பார். அவள் சந்தாச் சாமான் பன்னிரண்டைப் பற்றிப் பேசத் தயாராகப் போயிருந்தாள். அவர் அதைத் தொடவே இல்லை. அவர் அளவுகோல் 'இலவசம்' என்ற சொல்லின் கீழ் நின்றுகொண்டிருந்தது.

"இந்த இலவச அடித்தட்டை உங்களுக்கு யார் கொடுத்தா?"

"யாரும் கொடுக்கல சார். இன்டர்நெட்ல இருக்கு, எறக்கினேன்."

"நமக்குச் சரக்கு விக்கிற கம்பெனி. அவங்ககிட்டேருந்து ஊழியர் எதையாவது சும்மா வாங்கினா அது அன்பளிப்பு. அன்பளிப்புக்குப் படிவம் கொடுக்கணும். நீங்க கொடுத்தீங்களா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை. ஊர் உலகத்தில் எல்லாரும் இறக்கிக்கொள்வது சார், இது எனக்கென்று கொடுத்ததில்லை என்றாள். அவர் படிவத்தை எடுத்து நீட்டினார். மதிப்பு என்ற கட்டத்தில் அவள் பூஜ்யம் என்று எழுதினாள்.

"பூஜ்யம்னு போட முடியாதும்மா. மதிப்பே இல்லாத பொருள் அன்பளிப்பு ஆகாது."

"அப்ப அன்பளிப்பு இல்லன்னு எழுதிடுங்க."

"அன்பளிப்பு இல்லன்னா அது கொள்முதல். கொள்முதல்னா மூணு கொட்டேஷன் வேணும்."

"சும்மா கிடைக்கிறதுக்கு மூணு பேர்கிட்ட விலை கேக்கணுமா சார்?"

அவர் கோபப்படவில்லை. அதைத் தீர்மானிக்க ஒரு குழு அமைக்கலாம் என்று குறித்துக்கொண்டார். அவள் மூன்று மாடியும் ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பக்கத்து இருக்கைக்காரர் என்னக்கா ஆச்சு என்று கேட்டதற்கு, ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பிரச்சினை என்றாள்.

குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே நாளில் அலுவலகத்தில் இருந்தால்தான் கூட்டம் நடக்கும். முதல் மூன்று வாரம் அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை. அதற்குள் அவள் விளக்கக் கடிதம் ஒன்று, விளக்கத்துக்கு விளக்கம் ஒன்று, பிற்சேர்க்கை இரண்டு என்று எழுதித் தள்ளியிருந்தாள். கம்பெனிப் பிரதிநிதி வாரத்துக்கு ஒரு தரம் போன் செய்து, கொட்டேஷனில் ஏதாவது முடிவாயிற்றா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சின்ன ஊர்களில் மறுபடி நோட்டு வந்துவிட்டது. அணைக்கட்டுத் தங்கச்சி ஒரு நாள் காலையில், அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் குழாய் உடைந்து மூன்று பேர் மூன்று விதமாகப் புகார் சொல்ல, நோட்டில் மூன்றாக எழுதியதில், பழுது பார்ப்பவர்கள் சரி செய்த இடத்துக்கே இரண்டு தரம் போயிருக்கிறார்கள். மேட்டுத் தெருவில் நிஜமாகவே தண்ணீர் வராதவர்கள் நான்கு நாளாகக் குடத்தோடு அலைகிறார்கள்.

"எங்கமேல என்ன தப்புக்கா? நாங்க சும்மா குடுத்ததைத்தானே வாங்கினோம்?" என்றாள் அவள்.

 அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை. தன்மேல் இருக்கிறதா என்பதைத்தான் பெட்டியக்கா ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள். கதவு தானாகத் திறந்தது உண்மைதான். ஆனால் ஒரு நாளாவது பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டியது அவள். சும்மா என்ற ஒரு வார்த்தையை நம்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் வேலை முறையில் கோபத்துக்கு இடம் இல்லை. எதையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பவர். கம்பெனி தப்பா என்று கேட்டார். இல்லை, அவர்கள் சொன்னபடிதான் நடக்கிறார்கள், சொன்ன விதம்தான் யாருக்கும் புரியாது என்றாள். சட்ட அலுவலர் தப்பா என்றார். இல்லை, அந்த விதியை லஞ்சத்துக்காக எழுதியிருக்கிறார்கள், அவருக்கு வேறு விதி கிடையாது என்றாள்.

"அப்ப யாரைத்தான் திட்டற?"

"எல்லாரையும்தான். ஆளுக்கு ஒரு பக்கம் சரியா இருந்தா, வேலை எப்படிங்க நடக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் கொட்டித் தீர்த்ததில் தலை கொஞ்சம் லேசானது. மறுநாள் முதல் கடிதம் எழுதுவதை நிறுத்தினாள். வந்த கடிதங்களை ஒரு தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, பன்னிரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேலை என்று இறங்கியதும் வேகமாகத்தான் போயிற்று. ஐந்து சாமான்கள் எப்போதோ எதற்கோ சேர்த்தவை, இப்போது எதற்கும் பயன்படவில்லை. எடுத்து எறிந்தாள். ஆறுக்குச் சும்மா கொடுக்கும் பட்டியலிலேயே மாற்று இருந்தது. புரோகிராமில் அங்கங்கே கை வைக்க வேண்டியிருந்தது, வைத்தாள். கடைசியாக ஒன்று மிஞ்சியது. புகார் கொடுத்தவருக்கு ரசீது அச்சடிக்கும் சாமான். அதற்கு மாற்று இல்லை. எங்கெங்கோ தேடினாள், எழுதிப் பார்த்தாள், எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு அச்சாயின. மூன்று நாள் அந்த ஒன்றோடு மல்லுக்கட்டிவிட்டு, வேறு வழி தெரியாமல் அணைக்கட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டு, ரசீது இல்லாமல் ஒரு மாதம் சமாளிக்க முடியுமா என்று கேட்டாள்.

"ரசீதா? நாங்க அச்சடிக்கிறதே இல்லையேக்கா. பிரின்டர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. போன்லயே நம்பரைச் சொல்லிடுவோம்."

மற்ற மூன்று ஊரையும் கேட்டாள். ஒரு ஊரில் ரசீது வரும் என்பதே தெரியாது. இன்னொரு ஊரில் வாரம் ஒன்று இரண்டு. மூன்றாவது ஊரில் அச்சடித்துக் கட்டி அலமாரியில் வைக்கிறார்களாம், யாரும் கேட்டு வந்ததில்லை. பெட்டியக்கா போனை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஒன்றரை மாதம், ஐந்து பேர் குழு, நாற்பத்தொரு பக்கம், மேட்டுத் தெருவில் குடத்தோடு அலைந்தவர்கள். எல்லாம் அநேகமாக ஒருவரும் வாங்காத ஒரு துண்டுக் காகிதத்துக்கு. முதல் நாளே நான்கு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். அன்றைக்கு அவளுக்கு யார்மேல் வந்ததை விடவும் தன்மேல் அதிகமாக எரிச்சல் வந்தது.

தங்கள் அலுவலகத்தில் மட்டும் ஜன்னலில் ரசீது கேட்பார்கள். அங்கேதான் சந்தா இருக்கிறதே. சந்தாவில் பதிவான சர்வரில் தனியாக ஒரு பெட்டி கட்டினாள், ரசீதோடு, வெளியே போகாதபடி. ஊர்களுக்கென்று ரசீது இல்லாமல், சும்மா கிடைப்பதை மட்டும் வைத்து வேறொன்று. சந்தா இல்லாத புதிய கம்ப்யூட்டரில் கட்டியதால், தெரியாமல் கதவு திறக்கும் பயமும் இல்லை. நான்கு நிமிடத்தில் கட்டி முடிந்தது.

ஆனால் கொடுக்க முடியாது. இலவசமாக வாங்கலாமா என்று குழு இன்னும் தீர்மானிக்கவில்லை. வாங்கவே கூடாததை எப்படிக் கொடுப்பது என்றார் சட்ட அலுவலர். அவள் அவர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே யோசித்தாள். பெட்டியைக் கொடுக்கவே வேண்டாம். எந்த அடித்தட்டை எங்கிருந்து இறக்குவது, எதன்மேல் எதை வைப்பது என்ற முப்பது வரிக் குறிப்பு மட்டும் போதும். நம் புரோகிராமை அனுப்ப ஏற்கெனவே அனுமதி இருக்கிறது. அடித்தட்டை அந்தந்த ஊரே நேராக இறக்கித் தன் கம்ப்யூட்டரில் கட்டிக்கொள்ளும்.

"சார், ஒரு சமையல் குறிப்பை எழுதிக் கொடுத்தா அது அன்பளிப்பா, கொள்முதலா?"

அவர் அளவுகோலை எடுத்தார். வைத்தார். நாளை வரச் சொன்னார். மறுநாள், குறிப்புகளைப் பற்றி விதிகளில் எதுவும் இல்லை என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். அந்த மனிதர் அவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்றாலும், செய்தார்.

அணைக்கட்டுத் தங்கச்சி போனில் வரி வரியாகக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். இரண்டு தரம் தப்பு வந்தது. மூன்றாவது தரம் கட்டி முடிந்து, புகார்ப் பக்கம் திறந்தது. "அக்கா, வந்துடுச்சு. மேட்டுத் தெருவைத்தான் முதல்ல பதியப் போறேன்" என்றாள்.

பழைய பெட்டிகளை அழித்துவிட்டதாக நான்கு ஊரிடமும் எழுதி வாங்கி, கம்பெனிக்கு அனுப்பினாள். பிரதிநிதி நன்றி மேடம் என்று ஒரு வரி போட்டார். ஆறு வருடத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

குழுவின் முடிவு இன்னும் ஐந்து வாரம் கழித்து வந்தது. பூஜ்ய மதிப்புள்ள மென்பொருளை ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் ஆண்டுதோறும் அதற்கு ஒரு பொறுப்பு அலுவலர் உறுதிமொழி தர வேண்டும் என்று இருந்தது. பொறுப்பு அலுவலர் யார் என்று அவள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

மூன்று ஊர்கள் குறிப்பை வைத்துக் கட்டிக்கொண்டன. நான்காவது ஊரின் அதிகாரி மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். எங்கெங்கோ கேட்டுச் சந்தாவுக்கு நிதி வாங்கி, அந்த லினக்ஸின் மேலேயே இவள் புரோகிராமை ஏற்றிக்கொண்டார். ஏன் சார், தேவையே இல்லையே என்று இவள் கேட்டாள்.

"காசு கொடுத்தா திட்டறதுக்கு ஒரு ஆள் இருக்கும்மா. சும்மா வாங்கினா நான் யாரைப் போய்த் திட்டறது?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெட்டியக்கா அதை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். சந்தாவில் இருக்கும் சர்வர் ஒரு தரம் படுத்தபோது, அந்தக் கம்பெனிக்காரர்கள் ஆறு மணி நேரம் போனை வைக்காமல் கூடவே இருந்து எழுப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவள் மறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, அந்த அதிகாரியிடமிருந்தே போன் வந்தது. பெட்டி எழுந்திருக்க மாட்டேன் என்கிறதாம். கம்பெனியைக் கூப்பிட்டாரா என்று கேட்டாள். கூப்பிட்டாராம். லினக்ஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு அதன்மேல் ஏற்றியிருக்கும் புரோகிராமில், அது எங்கள் பொறுப்பில் வராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்களாம். அந்தப் புரோகிராம் இவள் எழுதியது.

பெட்டியக்கா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கிரீனில் என்ன வந்திருக்கிறதோ அதை முதல் வரியிலிருந்து ஒரு எழுத்து விடாமல் படிக்கச் சொன்னாள்.